ஸ்கேனில் தெரியாத நோயை எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. பொறியியல் கடைசி ஆண்டில் படிப்பை விட்டுவிட்டான். பத்து மாதமாக அறையிலேயே கிடக்கிறான். எதிர்வீட்டுக்காரர்கள் தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்கிறான். சில நேரம் தனியாகச் சிரிக்கிறான். ரத்தப் பரிசோதனை, தலை ஸ்கேன் எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டது. ஆனாலும் மருத்துவர் 'ஸ்கிசோஃப்ரீனியாவாக இருக்கலாம்' என்கிறார். சோதனையில் எதுவும் இல்லாதபோது எதை வைத்து இப்படிச் சொல்கிறார்? 'இருக்கலாம்' என்று ஏன் இழுக்கிறார்? அவன் சொல்வதற்கு நாங்கள் என்னதான் பதில் சொல்வது?

பதில்:

நான் மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சமூகப் பணியாளராக இருந்தவன். ஓ.பி. சீட்டோடு வருகிறவர்களை மருத்துவர் பார்ப்பதற்கு முன் உட்காரவைத்து, வீட்டாரிடம் கதை கேட்டு எழுதுவதுதான் என் வேலை. அந்த நாற்காலியில் இருந்தே பதில் சொல்கிறேன்.

மனச்சிதைவு எனப்படும் ஸ்கிசோஃப்ரீனியாவைக் காட்டித்தரும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. ஸ்கேனும் கிடையாது. 1976-இல் லண்டனில் முதன்முதலாக சி.டி. ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, நாள்பட்ட நோயாளிகளின் மூளைக்குள் இருக்கும் நீர் அறைகள் மற்றவர்களுடையதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தன. அது கூட்டமாகச் சேர்த்துச் சராசரி பார்த்தால் தெரிகிற வித்தியாசம். ஒரு தனி ஆளின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'இவருக்கு இருக்கிறது, இவருக்கு இல்லை' என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. மருத்துவர் நம்புவது நோயாளி சொல்வதையும், பேசிக்கொண்டிருக்கும்போதே அவரிடம் கண்ணுக்குத் தெரிவதையும், வீட்டார் சொல்லும் கதையையும். நான் பார்த்தவரை, பாதி நோயாளிகளுக்கு முடிவைத் தந்தது அந்தக் கதைதான். அதிலும் அந்தக் கதையில் இருக்கும் தேதிகள்.

அப்படியானால் பரிசோதனைக்குக் கொடுத்த பணம் வீணா என்று கேட்பீர்கள். வீண் இல்லை. அந்தச் சோதனைகள் ஸ்கிசோஃப்ரீனியாவைத் தேடி எடுத்தவை அல்ல, அதைப் போலவே வேடம் போட்டு வரும் மற்ற நோய்களைக் கழிப்பதற்கு எடுத்தவை. தைராய்டு தாறுமாறானாலும், பி12 வைட்டமின் படுமோசமாகக் குறைந்தாலும், மூளையின் பொட்டுப் பகுதியில் வலிப்பு இருந்தாலும், சிபிலிஸ் கிருமி மூளைவரை போயிருந்தாலும் ஒருவருக்குக் குரல் கேட்கலாம், பொல்லாத சந்தேகம் வரலாம். ஸ்டீராய்டு மாத்திரையை அதிக அளவில் எடுப்பவர்களுக்கும் வருவதுண்டு. 2007-இல் புதிதாக ஒரு நோயை இனம் கண்டார்கள். உடம்பின் எதிர்ப்பாற்றலே திரும்பி மூளைச் செல்கள் செய்தி வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் ஒருவகை மூளை அழற்சி அது. இளம்பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. தொடக்கத்தில் அச்சு அசல் மனநோய் போலவே இருக்கும், கொஞ்ச நாளில் வலிப்பு, நினைவிழப்பு என்று போகும். அதற்கு மருந்தும் வேறு, வார்டும் வேறு.

அதனால்தான் நாங்கள் முதலில் கேட்கும் கேள்விகள் மனதைப் பற்றியவையாக இருக்காது. காய்ச்சலோடு வந்ததா? நேற்றுவரை நன்றாக இருந்தவர் இரண்டு நாளில் இப்படி ஆனாரா? பகலா இரவா என்றே தெரியாமல் தடுமாறுகிறாரா? வலிப்பு வந்ததா? குரலைவிட உருவங்கள்தான் அதிகம் தெரிகின்றனவா? ஐம்பதைத் தாண்டிய வயதில் முதன்முறையாகவா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவரின் கண் உடம்பின் பக்கம் திரும்பிவிடும். உங்கள் தம்பியின் கதையில் அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், வீட்டில் யாருக்கும் தெரியாமல் கஞ்சா பழக்கம் இருந்ததா? பெற்றோர் பத்தில் ஒன்பது பேர் 'என் பிள்ளை அப்படியெல்லாம் இல்லை' என்பார்கள். நண்பனிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். கஞ்சா தன்னளவிலேயே இத்தகைய நிலையைக் கொண்டுவரும். ஏற்கெனவே வரவிருந்த நோயை முன்கூட்டியே இழுத்தும் வரும். அதை மறைத்துவிட்டால் மருத்துவர் தவறான கணக்கைத்தான் போடுவார்.

இனி அறிகுறிகள். எல்லோரும் குரலைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

அந்தக் குரல் 'மனதில் ஏதோ தோன்றுகிறது' என்ற வகை அல்ல. அடுக்களையில் குக்கர் விசில் அடிப்பது உங்களுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படி, பலருக்கு வெளியிலிருந்து, திசையோடு கேட்கும். குரல் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் எடுத்த மூளைப் படங்களில், பேச்சோடு தொடர்புள்ள பகுதிகள் வேலை செய்வது தெரிகிறது. ஆகவே 'அதெல்லாம் உன் கற்பனை' என்று சொன்னால் அவருக்கு எரிச்சல் வருவதில் வியப்பில்லை.

ஒரு கொத்தனார் வந்தார். (இங்கே நான் சொல்லும் மனிதர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, அதற்கு மேல் துண்டால் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தார். காதுவலி என்றுதான் முதலில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போயிருக்கிறார்கள். மெல்ல மெல்லக் கேட்டபோது சொன்னார்: 'சாரத்தில் ஏறினால் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள், சார். இப்போது செங்கல்லை எடுக்கிறான் பார், கலவை போடுகிறான் பார், மட்டம் பார்க்கிறான் பார் என்று ஒருவன் சொல்ல, இவனுக்கு எதற்கு மட்டம் என்று இன்னொருவன் சிரிக்கிறான்.' கிரிக்கெட் வர்ணனை மாதிரி. அவரிடம் யாரும் பேசவில்லை, அவரைப் பற்றி இருவர் பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இப்படி ஒருவரைப் படர்க்கையில் வைத்துப் பேசும் குரல்களையும், செய்வதை எல்லாம் சொல்லிக்கொண்டே வரும் குரல்களையும், நினைப்பதையே சத்தமாகத் திருப்பிச் சொல்லும் குரலையும் கர்ட் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 'முதல்தர அறிகுறிகள்' என்று பட்டியலிட்டார். பல ஆண்டுகள் அவை இருந்தாலே ஸ்கிசோஃப்ரீனியா என்று முடிவுகட்டும் பழக்கம் இருந்தது. பிறகு, மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய் போன்றவற்றிலும் அவை வருவது தெரிந்ததால், இன்று அந்தத் தனி மரியாதை குறைந்துவிட்டது.

சென்னைக்குத் தொடர்புள்ள ஆய்வு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2015-இல் வெளியானது. அமெரிக்க மானிடவியலாளர் தான்யா லூர்மன், சென்னையின் ஸ்கிசோஃப்ரீனியா ஆய்வு அமைப்பான ஸ்கார்ஃப் நிறுவன மருத்துவர்களோடும் கானா நாட்டு மருத்துவர்களோடும் சேர்ந்து செய்தார். கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நமது சென்னை என ஊருக்கு 20 நோயாளிகளிடம், கேட்கும் குரல் எப்படிப்பட்டது என்று விசாரித்தார்கள். அமெரிக்கர்கள் பலருக்கு அது முகம் தெரியாத யாரோ செய்யும் வன்முறைத் தாக்குதலாக இருந்தது. சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர் சொந்தக்காரர்களின் குரலைக் கேட்டார்கள். வீட்டு வேலையைச் செய், குளி என்று அதட்டும் குரல்கள். எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு ஒன்று உறைத்தது. 'செத்துப் போன அத்தை வந்து குளிக்கச் சொல்கிறாள்' என்று ஒருவர் சொல்லும்போது, நம் வீடுகளில் அதை நோயாகவே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மருத்துவரிடம் வந்து சேர ஓராண்டு, ஈராண்டு தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் தம்பி தனியாகச் சிரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு தடயம். அதோடு, பேச்சின் நடுவே சட்டென்று நிறுத்தி ஒரு பக்கமாகக் காதைச் சாய்க்கிறானா, யாருக்கோ பதில் சொல்வது போல உதடு அசைகிறதா, இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு பாட்டே போடாமல் இருக்கிறானா என்று பாருங்கள். 'குரல் கேட்கிறதா' என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்பார்கள். தன்னைப் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். நாங்கள் கேட்பது வேறு மாதிரி: 'தனியாக இருக்கும்போது யாராவது தொந்தரவு செய்கிறார்களா? தூங்கவிடாமல் பேசுகிறார்களா?'

அடுத்தது, எதிர்வீட்டுக்காரர்கள். பிறழ் நம்பிக்கை என்று இதைச் சொல்வார்கள். ஒரு செய்தி பொய்யாக இருப்பதால் மட்டும் அது பிறழ் நம்பிக்கை ஆகிவிடாது. எதிர்வீட்டுக்காரர் உண்மையிலேயே எட்டிப் பார்க்கிறவராகவும் இருக்கலாம், நம் தெருக்களில் அதற்குப் பஞ்சமில்லை. மருத்துவர் பார்ப்பது அந்த முடிவுக்கு அவன் வந்து சேர்ந்த வழியை. 'பால்காரர் பாக்கெட்டைத் தலைகீழாக வைத்துவிட்டுப் போனார். அந்த நொடியே தெரிந்துவிட்டது, என்னைக் கொல்ல ஏற்பாடு நடக்கிறது என்று.' ஓர் இளைஞன் என்னிடம் சொன்ன வாசகம் இது. பால் பாக்கெட் உண்மை, அதைத் தலைகீழாக வைத்ததும் உண்மை. அதிலிருந்து கொலைக்கு எப்படித் தாவினாய் என்று கேட்டால் அவனிடம் வழியே இல்லை. வழி வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. எவ்வளவு ஆதாரம் காட்டினாலும் அசையாத உறுதி அது.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. 'எனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள்' என்று ஒருவர் சொன்னால் அது அறிகுறியா? குடும்பம் முழுக்க, ஊர் முழுக்க அதை நம்புகிற இடத்தில் அவர் ஒருவர் நம்புவதை நோய் என்று சொல்ல முடியாது. திருவிழாவில் உடுக்கை அடிக்கும்போது அருள் வந்து ஆடி, விபூதி பூசியதும் தெளிந்து, மறுநாள் காலையில் வழக்கம்போல் கடை திறக்கிற பெண்மணிக்கும் நோய் இல்லை. எப்போது சந்தேகம் வரும் என்றால், செய்வினையை நம்பும் அந்தக் குடும்பமே 'இவள் சொல்வது செய்வினை மாதிரி இல்லையே' என்று முழிக்கும்போது. செய்தி வாசிப்பவர் கண்ணைச் சிமிட்டி எனக்கு உத்தரவு போடுகிறார் என்று ஒருவர் சொன்னால், அதை அவருடைய பாட்டி கூட ஏற்றுக்கொள்ள மாட்டார். அந்தப் பாட்டியின் முகத்தைப் பார்த்தே நான் பாதிக் குறிப்பு எழுதியிருக்கிறேன்.

சிந்தனை தன் கையை விட்டுப் போவது மூன்றாவது. தன் தலைக்குள் யாரோ எண்ணங்களைச் செருகுகிறார்கள், இருக்கும் எண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள், தான் நினைப்பது மற்றவர்களுக்குக் கேட்டுவிடுகிறது என்பார்கள். ஒருவன் பஸ்ஸில் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்தான். பயம் கூட்டத்தைப் பார்த்து இல்லை. பக்கத்தில் இருக்கும் பெண்களைப் பற்றி ஏதாவது தப்பாக நினைத்துவிட்டால் அது பஸ் முழுக்கக் கேட்டுவிடுமே என்ற பயம். இதை அவன் சொல்லவே மூன்று வருகைகள் ஆயின.

பேச்சிலும் இது தெரியும். ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்பில்லாமல் தாவுவது, கேட்ட கேள்விக்கு அருகில்கூட வராத பதில், சில நேரம் தானே உண்டாக்கிய சொற்கள். இதைப் பார்க்க மருத்துவர்கள் பழமொழி கேட்பதுண்டு. 'யானைக்கும் அடி சறுக்கும் என்றால் என்ன?' 'யானை ரொம்ப கனம், சேற்றில் போனால் வழுக்கிவிடும்' என்று பதில் வந்தால், சொல்லைத் தாண்டிப் பொருளுக்குப் போக முடியவில்லை என்று குறித்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடம் போகாத பாட்டியிடமும் நகரத்தில் ஆங்கிலவழியில் படித்த பிள்ளையிடமும் இந்தச் சோதனை செல்லாது என்பது என் அனுபவம். அந்தப் பிள்ளைக்குப் பழமொழியே தெரிந்திருக்காது. பழமொழி ஒரு சின்னத் துப்பு, அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எதிர்வீட்டுக்காரரும் சிரிப்பும் இருக்கின்றன. ஆனால் என் கண் போய் நின்றது 'பத்து மாதமாக அறையிலேயே' என்ற இடத்தில்.

சத்தமில்லாத அறிகுறிகள் என்று ஒரு பகுதி இந்த நோய்க்கு உண்டு. மருத்துவ மொழியில் எதிர்மறை அறிகுறிகள். இல்லாதது புதிதாக வந்தால் அது குரல், சந்தேகம். இருந்தது மெல்ல மெல்லக் கரைந்து போனால் அது இவை. பேச்சு குறைந்து ஒற்றைச் சொல்லில் நிற்கும். முகம் அசையாது, குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. எதையும் தொடங்க முடியாது. பிடித்த பிரியாணியும் கிரிக்கெட்டும் ஒன்றும் செய்யாது. குளிப்பது, பல் துலக்குவது, சட்டை மாற்றுவது எல்லாம் நாள்கணக்கில் தள்ளிப்போகும். வீட்டார் இதற்கு வைத்திருக்கும் பெயர்கள் எனக்கு மனப்பாடம்: சோம்பேறி, திமிர், செல்லம் கொடுத்துக் கெட்டது, காதல் தோல்வி, 'ஃபோனைப் பார்த்துப் பார்த்து இப்படி ஆகிவிட்டான்'. குரல் கேட்டுக் கத்தினால் அன்றே வண்டி பிடித்து மருத்துவமனைக்கு வருகிறார்கள். இது இரண்டு ஆண்டு கிடந்தாலும் வருவதில்லை, ஏனென்றால் இது யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

பீடிக் கம்பெனியில் வேலை செய்த ஒரு தந்தை மகனை அழைத்து வந்தார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். 'போன வாரம் தட்டை எறிந்தான், அதிலிருந்து.' அதற்கு முன்பு? 'அதற்கு முன்பு தங்கமான பையன், சத்தமே இருக்காது.' நான் வேறு பக்கமாகப் போனேன். கடைசியாக முடிவெட்டியது எப்போது? அப்பா யோசித்தார், அக்காள் கல்யாணத்துக்கு என்றார். கல்யாணம் எப்போது? போன தையில். நண்பர்கள் வீட்டுக்கு வருவது எப்போது நின்றது? கல்லூரி முதல் ஆண்டு அரையாண்டுத் தேர்வோடு. அந்தத் தேர்வில் எத்தனை பாடம் போனது? நான்கு. பத்தாம் வகுப்பில் எவ்வளவு எடுத்தான்? அதை அவர் பெருமையாகச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது, தட்டு பறந்தது போன வாரம்தான், நோய் வந்து மூன்று ஆண்டு ஆகிவிட்டது என்று.

நூறு ஆண்டுக்கு முன்பே இதைக் கண்டவர் ஒருவர் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஆய்கன் ப்ளாய்லர். 1908-இல் ஸ்கிசோஃப்ரீனியா என்ற சொல்லை உருவாக்கியவர் அவர்தான். அதற்கு முன் எமில் கிரெப்பலின், 'இளமையிலேயே வரும் அறிவுச் சிதைவு' என்ற பொருளில் வேறு பெயர் வைத்திருந்தார். எல்லோரும் சிதைந்து போவதில்லை, எல்லோருக்கும் இளமையில் வருவதுமில்லை என்று ப்ளாய்லர் மறுத்தார். குரலையும் பிறழ் நம்பிக்கையையும் அவர் துணை அறிகுறிகள் என்றே வைத்தார். எண்ணங்களின் கோவை அறுந்து போவதும், உணர்ச்சி வறள்வதும், தனக்குள்ளேயே ஒடுங்கிப்போவதும்தான் அவருக்கு அடிப்படை. இன்றைய விதிமுறைகள் அவரைப் பின்பற்றவில்லை, காரணம் உண்டு: கரைவதை அளப்பது கடினம், குரல் கேட்கிறதா இல்லையா என்று குறிப்பது சுலபம். ஆனால் நோயாளி மீண்டும் வேலைக்குப் போவாரா, கல்யாண வீட்டில் நான்கு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தச் சத்தமில்லாத பகுதிதான். மருந்து குரலை அடக்குவதில் கெட்டிக்காரத்தனம் காட்டும் அளவுக்கு இதில் காட்டுவதில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ப்ளாய்லர் வைத்த கிரேக்கச் சொல்லுக்குப் 'பிளவுபட்ட மனம்' என்று பொருள். சினிமாக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் இருப்பதாகக் காட்டிவிட்டார்கள். அது முற்றிலும் வேறு நிலை. தமிழில் மனச்சிதைவு என்கிறோம், அதுவும் கேட்பவருக்குப் பயம் தருகிற சொல்தான். ஜப்பானியர்கள் 2002-இல் 'மனம் பிளந்த நோய்' என்ற பழைய பெயரை மாற்றி, 'ஒருங்கிணைவு குலைந்த நிலை' என்ற பொருள்படும் பெயரை வைத்தார்கள். கொரியர்கள் அதற்குப் பிறகு வைத்த பெயர் இன்னும் அழகு, நரம்பு வாத்தியத்தின் தந்திக்குச் சுருதி சேர்ப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்தது. நமக்கு அப்படி ஒரு பெயர் கிடைத்தால் பாதிக் குடும்பங்கள் சீட்டை ஒளித்து வைக்காமல் இருக்கும்.

சரி, 'இருக்கலாம்' என்று ஏன் இழுக்கிறார்? இழுக்கிற மருத்துவரை நம்புங்கள். இந்த நோயில் காலமும் ஓர் அளவுகோல். அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் கையேட்டின்படி, குரல், பிறழ் நம்பிக்கை, கோவையில்லாத பேச்சு, தாறுமாறான அல்லது உறைந்துபோன நடத்தை, சத்தமில்லாத அறிகுறிகள் என்ற ஐந்தில் குறைந்தது இரண்டு ஒரு மாதமளவுக்கு இருக்க வேண்டும், அவற்றில் ஒன்றாவது பட்டியலின் முதல் மூன்றுக்குள் இருக்க வேண்டும், வேலையோ படிப்போ உறவோ கெட்டிருக்க வேண்டும், மொத்தத் தொந்தரவும் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடப்பில் இருக்கும் பதினோராவது நோய்ப் பட்டியல் ஒரு மாதமே போதும் என்கிறது. ஒரு மாதத்துக்குள் வந்து முழுவதும் தெளிந்துவிடும் மனநிலைக் குலைவும் உண்டு. அதற்கு இந்தப் பெயரை ஒட்டக்கூடாது.

இன்னொரு பெரிய குழப்பம் இருமுனை நோயும் கடும் மனச்சோர்வும். அவை உச்சத்தில் இருக்கும்போது குரலும் கேட்கும், பிறழ் நம்பிக்கையும் வரும். வித்தியாசம் வரிசையில் இருக்கிறது: உற்சாகம் தலைக்கேறி, தூக்கமே இல்லாமல் திரிந்த நாட்களில் மட்டும் குரல் வந்து, அது இறங்கியதும் போய்விட்டதா? அல்லது மனநிலை சாதாரணமாக இருக்கும்போதும் குரல் இருக்கிறதா? இதை ஒரே நாளில் நோயாளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. பல மாதக் கதை வேண்டும். 1960-களில் நியூயார்க் மருத்துவர்களையும் லண்டன் மருத்துவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே மாதிரியான நோயாளிகளுக்கு நியூயார்க்கில் தாராளமாக ஸ்கிசோஃப்ரீனியா என்றார்கள், லண்டனில் அவர்களில் பலருக்கு இருமுனை நோய், மனச்சோர்வு போன்ற மனநிலை நோய் என்றார்கள். ஒரே மாதிரிக் கேள்வி முறையோடு ஆய்வுக் குழுவே நோயாளிகளைப் பரிசோதித்தபோது அந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிட்டது. இன்றைய கறாரான விதிகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட சங்கடங்கள் இருக்கின்றன.

என் வீட்டிலேயே நடந்தது ஒன்று. நெருங்கிய உறவுப் பெண்ணுக்கு ஒரு தனியார் மருத்துவர் பத்து நிமிடத்தில், வீட்டாரை வெளியே நிற்கவைத்துவிட்டு, ஸ்கிசோஃப்ரீனியா என்று எழுதிவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து வேறொருவர் முழுக் கதையையும் கேட்டு இருமுனை நோய் என்று மாற்றினார். மருந்தும் மாறியது, ஆளும் மாறினாள். 'இருக்கலாம்' என்று சொல்லத் தயங்காதவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அதற்குப் பிறகுதான்.

பெயர் உறுதியாகும்வரை மருந்தை நிறுத்தி வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடாது. மருந்து அறிகுறிகளுக்குத் தரப்படுகிறது, பெயர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சிகிச்சை இல்லாமல் கழியும் காலம் நீள நீளத் தேறுவது கடினமாகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. கோயிலுக்கோ தர்காவுக்கோ போக வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் சண்டை போடாதீர்கள், மாத்திரையோடு போய் வாருங்கள். ஆனால் கட்டிவைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது.

செத்துப்போகச் சொல்லும் குரலோ, யாரையாவது தாக்கச் சொல்லும் குரலோ கேட்பதாகத் தம்பி சொன்னால் அடுத்த வருகைவரை காத்திருக்காதீர்கள், அன்றே அழைத்துப் போங்கள். இரவு நேரமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

தேறுவானா? சென்னையில் 1980-களின் தொடக்கத்தில், முதன்முறையாக நோய் கண்ட 90 பேரைப் பதிவு செய்து, அவர்களை இருபது ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள், மருத்துவர் தாரா முதலியோர். நன்றாகத் தேறி வேலை, குடும்பம் என்று இருந்தவர்களும் உண்டு, விட்டுவிட்டு நோய் திரும்பியவர்களும் உண்டு, தேறாமலேயே இருந்தவர்களும் உண்டு. யார் எந்தப் பக்கம் போவார் என்று முதல் ஆண்டில் ஒருவராலும் சொல்ல முடியாது. உடன்பிறந்தவர் என்ற முறையில் உங்களுக்கும் ஒரு பயம் இருக்கும், நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: பொதுவாக நூற்றில் ஒருவருக்கும் குறைவாக வரும் நோய், கூடப் பிறந்தவருக்கு இருந்தால் பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு ஏறுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை என்றும் அதைப் படிக்கலாம்.

அடுத்த வருகைக்கு ஒரு நோட்டு எழுதிக்கொண்டு போங்கள். 'ரொம்ப நாளாக இப்படித்தான்' என்று எழுதாதீர்கள். கடைசியாக அவனாகக் குளித்தது, கடைசியாக நண்பனோடு வெளியே போனது, கடைசியாக ஒரு நகைச்சுவைக்குச் சிரித்தது, எந்தப் பருவத்தில் மதிப்பெண் விழுந்தது, தூக்கம் எப்போது தலைகீழானது. தேதி நினைவில்லை என்றால் பண்டிகையை வைத்து எழுதுங்கள், தீபாவளிக்கு முன்பா பின்பா என்று. குடும்பத்தில் யாருக்காவது 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி மூடிவைத்த கதை இருந்தால் அதையும். கல்லூரி அடையாள அட்டை இருந்தால் கொண்டு போங்கள். அந்தப் புகைப்படத்தில் இருக்கும் முகத்தையும் எதிரே உட்கார்ந்திருக்கும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த மருத்துவர்கள் உண்டு.

அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டீர்கள். 'ஆமாம், கண்காணிக்கிறார்கள்' என்று ஒத்து ஊதாதீர்கள், நாளைக்கு அவனுக்கு நீங்களே சாட்சி ஆகிவிடுவீர்கள். 'இல்லவே இல்லை' என்று வாதாடவும் வேண்டாம், நீங்களும் எதிர்வீட்டாரோடு சேர்ந்துவிட்டதாக நினைப்பான். சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்ற மகனிடம் ஓர் அம்மா சொன்னது எனக்கு மறக்கவில்லை: 'உனக்குப் பயமாக இருக்கிறது என்று தெரிகிறது, சாமி. எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரே சட்டியிலிருந்து இரண்டு பேரும் போட்டுக்கொள்வோமா?' அவர் முதலில் சாப்பிடத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து அவனும் தட்டை இழுத்துக்கொண்டான்.

எதிர்வீட்டுப் பக்கத்து ஜன்னலுக்குத் திரை போடச் சொன்னால் போட்டுக்கொடுங்கள். அவர்களோடு சண்டைக்கு வா என்று அழைத்தால் போகாதீர்கள். மேலே சொன்ன நோட்டை எழுதும்போது அவனுக்குத் தெரியாமல் ஒளிந்து எழுதாதீர்கள், தற்செயலாகக் கையில் கிடைத்தால் நீங்களும் உளவு பார்ப்பதாக ஆகிவிடும். 'மருத்துவரிடம் சொல்ல எழுதுகிறேன், நீயும் ஏதாவது சொல்ல வேண்டுமா' என்று கேட்டு ஒரு பக்கத்தை அவனுக்காகக் காலியாக விடுங்கள்.